ஓட்டியவள் நான், பார்த்தவன் தம்பி

எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது. ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்டுவது நான். அதன் அடிவயிற்றில் தொங்கும் கேமராவைத் திருப்பிப் படம் எடுப்பது அவன். அவன் கையில் தனி ரிமோட், அவன் முன்னால் முக்காலியில் ஒரு சின்னத் திரை. வெயில் விழாமலிருக்கத் திரையைச் சுற்றிக் கறுப்பு அட்டை ஒட்டியிருப்பான். அந்த அட்டைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு, "அக்கா, லேசா மேற்க போ. போதும், நில்லு. இன்னும் கொஞ்சம் மேல" என்பான். நான் போவேன், நிற்பேன், ஏறுவேன். என்ன எடுக்கிறான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அவன் காட்டும்போதுதான் பார்ப்பேன்.

இதைப் பிற்பாடு பலரிடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. ஓட்டுகிறவளுக்குத் தெரியாமல் எப்படி என்றுதான் கேட்டார்கள். அதனால் இங்கே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

அது இப்போது கல்யாண மண்டபங்களுக்கு மேல் பறக்கிற ட்ரோன் அல்ல. அந்தச் சொல்லே மதுரையில் புழக்கத்துக்கு வராத காலம். ட்ரோனில் கையை எடுத்தால் அது நின்ற இடத்தில் நிற்கும். ரிமோட் ஹெலிகாப்டர் நிற்காது. கண்ணை எடுத்தால் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே ஓடும், அப்புறம் விழும். அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஓட்டுகிறவர் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். கம்ப்யூட்டரில் மாதக்கணக்காக ஓட்டிப் பழகி, நிஜத்தில் பல தடவை விழுந்து நொறுங்கிய பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. பறக்கிற நேரம் முழுக்க என் கண் வானத்தில் இருக்கும். கழுத்து வலிக்கும். பக்கத்தில் நிற்கும் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

அவனுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் போட்டோ ஸ்டுடியோ. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவுடன் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் கும்பாபிஷேகம், கல்யாணம், ஜல்லிக்கட்டு என்று போய் வானத்திலிருந்து படம் எடுத்துக் கொடுத்தோம். "அக்காதான் பைலட்" என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒத்திகை பார்க்க எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. பேரையூருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் கரிசல் காடு. பருத்தியும் சோளமும் போடுவார். நடுவில் ஒரு கிணறு, ஓரத்தில் களம். சுற்றுவட்டத்தில் மின்கம்பி கிடையாது. அப்பா இறந்தபோது எங்கள் இரண்டு பேர் படிப்பும் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. நாங்கள் போனால், "வாத்தா பைலட்டு" என்பார். சித்தி மோர் கொண்டுவந்து களத்து நிழலில் வைத்துவிட்டு, ஹெலிகாப்டர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கடைசி வருஷத்தில் தம்பி அங்கே அடிக்கடி போக ஆசைப்பட்டான். "இன்னும் மேல, இன்னும் மேல" என்று ஏற்றச் சொல்வான். ஹெலிகாப்டர் ஒரு புள்ளியாகிவிடும், மூக்கு எது வால் எது என்று எனக்குப் பிடிபடாது. "போதும்டா" என்றால், "ஒரே ஒரு நிமிசம்க்கா. பருத்திக்காடு மேலருந்து என்னமா இருக்கு தெரியுமா" என்பான். சாயங்காலம் ஸ்டுடியோவில் பருத்திக்காட்டையும் காட்டுவான், அழகாகத்தான் இருக்கும்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலேஜ் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆரப்பாளையம் திரும்புகிற இடத்தில் நெரிசலில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு லாட்ஜ் சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு புது ஃபிளக்ஸ் போர்டு. ஏதோ ஒரு நகர், உடனே வீடு கட்டலாம், மனை வாங்க முந்துங்கள் என்று எழுத்து. அதற்குக் கீழே வானத்திலிருந்து எடுத்த பெரிய படம். நிலத்தை மஞ்சள் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கட்டங்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் பச்சை பூசி, 'பூங்கா' என்று எழுதியிருந்தது. பூங்காவுக்குள் ஒரு கிணறு.

அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும். மேற்குப் பக்கத்துச் சுவர் சரிந்து அரை வட்டமாகத் தெரியும். கிணற்றுக்குப் பக்கத்தில் களம். களத்தின் ஓரத்தில் இரண்டு ஆட்கள், எறும்பு அளவில். ஒரு ஆள் ஏதோ கறுப்புப் பெட்டிக்குள் குனிந்திருந்தான். இன்னொரு ஆள் வெள்ளைத் தொப்பி போட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அண்ணாந்து நின்றது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். போர்டுக்குக் கீழே நின்று பார்த்தேன். கிட்டத்தில் போனதும் படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. திரும்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். நான்தான். என்னை நானே மேலிருந்து அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

ஸ்டுடியோ அங்கிருந்து நடக்கிற தூரம். தம்பி யாருக்கோ பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த ஆள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"திருப்பத்துல போர்டுல சித்தப்பா காட்டப் போட்ருக்காங்களே, பாத்தியா?"

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "பாத்தேன்க்கா."

"எடுத்தது யாரு?"

"நம்மதான்."

"நம்மளா? எப்ப?"

"நீதான ஓட்டுன. நான் ஒருத்தனே எடுத்துற முடியுமா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. பிறகு சொன்னான்: "மனை போடுற பார்ட்டி சுத்தியிருக்கிற காடெல்லாம் வாங்கிட்டாங்கக்கா. சித்தப்பாதான் குடுக்க மாட்டேன்னு நிக்கிறாரு. இன்னக்கி இல்லாட்டி நாளைக்கிக் குடுக்கத்தான் போறாரு. படம் கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். தொழில்."

"அவரு நெலத்தப் பூங்கான்னு போட்ருக்கான்டா."

"அது அவங்க போட்டது. நான் படத்தத்தான எடுத்தேன், நெலத்தையா எடுத்தேன்?"

நான் எழுந்தேன். கடைக்குப் பின்னால் அலமாரி மேல் இருந்த ஹெலிகாப்டரை இறக்கினேன். வால் தட்டாமல் கதவு வழியாக அதை வெளியே கொண்டுபோவது ஒரு ஆளால் முடியாத வேலை. அவன் எழுந்து பிடிக்க வந்தான். "கைய வைக்காத" என்றேன். கடைசியில் வாலைக் கழற்றி, இரண்டு துண்டாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பேரையூருக்குப் போனேன். காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையை மறித்து மனைக்காரர்கள் வரிசையாகக் கல் ஊன்றியிருந்தார்கள். கல்லைத் தாண்டி நடந்தேன். சித்தப்பா களத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வாங்க" என்றார். "உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சித்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"சித்தப்பா, எனக்குத் தெரியாது. அவன் என்ன எடுக்குறான்னு நான் பாக்கல."

"ஓட்டுறவங்களுக்குத் தெரியாமயா? அந்தப் படத்துல நீங்களே நிக்கிறீங்க. அம்புட்டு ஒசரத்துல கொண்டுபோயி நிப்பாட்டி எங்க காட்டப் பூராவும் அளந்துட்டுப் போயிட்டீங்க. நாங்க மோரு குடுத்துக்கிட்டு நின்னோம்."

விளக்க முயன்றேன். கண் வானத்தில் இருக்கும், திரை அவனிடம் இருக்கும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு, "பஸ்ஸு வார நேரமாச்சு" என்றார்.

திரும்பி வரும்போது கல்லுப்பட்டி தாண்டுகிற வரைக்கும் அழுதேன். அதன்பிறகு ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இனிமேல் பறப்பதாக இருந்தால் எதைப் படம் எடுக்கிறோம் என்பதை நானே பார்க்க வேண்டும். இன்னொருவர் கண்ணை நம்பி ஏறவோ இறங்கவோ மாட்டேன்.

அதற்கு ஒரே வழி வீடியோ கண்ணாடி. கேமரா பார்ப்பதை அப்படியே கண்ணுக்கு முன்னால் காட்டுகிற, தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி. இன்டர்நெட்டில் படித்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில் ஒரு பாய், கேமராவும் உதிரி பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பார். எங்கள் மோட்டார், பேட்டரி எல்லாமே அவர் கடையில் வாங்கியவை. சிக்னலில் நிற்கும் ஆட்டோக்களின் ஹாரன் கடைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"வாங்க தங்கச்சி, ஒடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன் பாய். ஏன்?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒங்க தம்பி சொன்னதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. துவா செஞ்சேன்."

"என்ன சொன்னான்?"

பாய் விஷயத்தைச் சொன்னார். வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் தம்பி அவர் கடைக்கு வந்திருக்கிறான். தனி ஆளாக ஓட்டிக்கொண்டே படமும் எடுக்க வேண்டும், அதற்கு வீடியோ கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். "ஏன், அக்கா இல்லையா?" என்று பாய் கேட்டதற்கு, "அக்காவால இனிமே வர முடியாது பாய்" என்றானாம். அவன் முகத்தைப் பார்த்து எனக்கு ஏதோ பெரிய நோய் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

"பெட்டி மாதிரி ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல திருப்பிக் கொண்டாந்துட்டாரு. தல சுத்துது, ஓட்ட முடியலன்னாரு. அது இங்கனதான் கெடக்கு."

வைகாசியில் ஹெலிகாப்டரின் பின் விசிறி உடைந்திருந்தது. அலமாரியிலிருந்து விழுந்துவிட்டது என்றான். நான் வீட்டில் இருந்த புது விசிறியை மாட்டி, இனிமேல் சுவரோரமாக வை என்று சொன்னேன். இப்போது புரிந்தது. ஃபிளக்ஸ் போர்டுக்கு ஐந்தாறு மாதம் முன்பே நான் அவனுக்குத் தேவைப்படாத ஆளாகிவிட்டிருந்தேன். அவனால் ஓட்ட முடியாமல் போனதால்தான் மறுபடி, "அக்காதான் பைலட்" என்று கூட்டிப் போயிருக்கிறான். சித்தப்பா விஷயத்தில் ஏமாந்ததைவிட இது என்னை வேறு மாதிரி குத்தியது. அது பணத்தாசை என்று ஒதுக்கிவிடலாம். இதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

பாய் அந்தப் பெட்டியோடு சேர்த்து மூன்று கண்ணாடிகளை எடுத்து வைத்தார். "மூணையும் கொண்டு போங்க. ஓட்டிப் பாருங்க. எது ஆகுதோ அத வச்சுக்குங்க" என்றார். அந்தப் பெட்டியின் வார் தம்பி தலைக்கு ஏற்ற அளவில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சுருக்கினேன்.

காலேஜ் மைதானத்தில் ஞாயிறு காலைகளில் சோதித்தேன். முதலில் பறக்கவிடவில்லை. ஹெலிகாப்டரை ஒரு பெஞ்சு மேல் வைத்து, கேமராவை மட்டும் இயக்கிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தள்ளித் தள்ளி நடந்தேன். பெட்டிக் கண்ணாடியில் படம் அருமையாக இருந்தது, தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி. வேப்பமரங்களைத் தாண்டியதும் எச்சரிக்கையே இல்லாமல் திரை முழுக்க நீலமாகிவிட்டது. சிக்னல் கொஞ்சம் இளைத்தால் அது படத்தையே நிறுத்திவிடும். வானத்தில் அப்படி ஆனால் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இருந்தாலும் பறந்தும் பார்த்துவிடுவோம் என்று மாட்டிக்கொண்டு ஏற்றினேன். என் கேமரா முன்னால் பார்ப்பதில்லை, கீழே பார்க்கும். கீழே தரை மெல்லச் சுற்றுவது தெரிந்தது. ஹெலிகாப்டர் சுற்றுகிறதா, கேமரா திரும்புகிறதா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் என் வியர்வை ஆவியாகி, படம் மார்கழிக் காலையில் ரோடு தெரிவது போல ஆனது. பெட்டியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தள்ளினேன். ஹெலிகாப்டர் வேப்பமரத்துப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. இழுத்துப் பிடித்து இறக்கிய பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்குத் தலை சுற்றியதன் காரணம் தெரிந்தது. இதை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் நின்று ஹெலிகாப்டர் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். மறுபடியும் அதே கதை. பெட்டியை அதன் உறைக்குள் வைத்தேன்.

இரண்டாவது, ஒற்றைக் கண் கண்ணாடி. வலது கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு குட்டித் திரை, இடது கண்ணுக்கு வானம். எண்ணம் நல்ல எண்ணம்தான். இரண்டு கண்ணும் இரண்டு வேறு உலகத்தைப் பார்க்க, மூளை எதை நம்புவது என்று தெரியாமல் சண்டை போட்டது. ஹெலிகாப்டர் கிட்டே இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று கணிக்க முடியவில்லை. இறங்கும்போது தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில் தரை வந்துவிட்டதென்று மோட்டாரைக் குறைத்துவிட்டேன். விழுந்த வேகத்தில், அது தரையில் நிற்கிற கால் சட்டம் வளைந்தது. தலைவலி மறுநாள் வகுப்பு வரைக்கும் இருந்தது.

மூன்றாவதைப் பாய் அரைமனதாகத்தான் கொடுத்திருந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் படம் பார்ப்பதற்காகச் செய்தது. மெலிதான பட்டை மாதிரி இருக்கும். படம் உள்ளங்கை அளவுதான் தெரியும், அதுவும் கொஞ்சம் மங்கல். ஆனால் மேலும் கீழும் திறந்திருந்தது. சிக்னல் இளைத்தால் நீலமாகாமல், படத்தின் மேல் மெல்ல மெல்லப் புள்ளிகள் பறக்க ஆரம்பிக்கும். தூரமாகிறது, திரும்பு என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஒரு சிக்கல் இருந்தது. எனக்குக் கிட்டப்பார்வை. என் கண்ணாடியைக் கழற்றினால் ஹெலிகாப்டரே தெரியாது. கழற்றாவிட்டால் இந்தப் பட்டை மூக்கில் நிற்காது. என் பழைய தடித்த ஃபிரேமை எடுத்து, அதன் கீழ்ப்பாதிக்கு முன்னால் பட்டை உட்காருகிற மாதிரி இரண்டு கொக்கி செய்து பொருத்தினேன். வயரைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தேன், இடுப்புப் பையில் வைத்த பேட்டரியோடு. கண்ணை உயர்த்தினால் வானம், ஹெலிகாப்டர். கண்ணைத் தாழ்த்தினால் கேமரா பார்ப்பது. கேமராவைச் சாய்க்கும் திருகை இடதுகை விரலுக்கும், படம் எடுக்கும் சுவிட்சை வலதுகை ஆள்காட்டி விரலுக்கும் மாற்றிக்கொண்டேன். ஹெலிகாப்டரை ஓரிடத்தில் அடக்கி நிறுத்துவேன். சட்டென்று ஒரு பார்வை கீழே. மறுபடி மேலே.

"மூணுலயும் மட்டமானதப் புடிச்சிருக்கீங்களே தங்கச்சி" என்றார் பாய். "படம் அந்தப் பெட்டி மாதிரி வராது."

"படம் கேமராவுல நல்லாத்தான் பதியும் பாய். எனக்கு எத எடுக்கிறேன்னு தெரிஞ்சாப் போதும்."

தனியாக முதலில் போனது வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊருக்கு, அம்மன் கோயில் கும்பாபிஷேகம். "தம்பி வரலைங்களா?" என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "இல்லைங்க, நான் மட்டுந்தான்" என்றேன். ஹெலிகாப்டரை ஏற்றி நிறுத்திவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினேன்.

கலசத்தைச் சுற்றிக் குருக்கள்மார் வெள்ளையாக, அவர்களைச் சுற்றி ஊரின் தலைகள். வயலில் நாற்று, வாய்க்காலில் வானம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆனால் என் ஹெலிகாப்டருக்குக் கீழே, நாலைந்து கொக்குகள் குறுக்கே போயின. கொக்கின் முதுகை நான் பார்த்ததே இல்லை. கலசத்தில் தண்ணீர் ஊற்றியதும் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது மேலிருந்து பார்க்கப் பூ விரிவது போல இருந்தது. படம் எடுத்தேன்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமும் இதை அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்தில் கழுத்து வலிக்க நின்ற எனக்கு, "நில்லு, போ" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொக்கு போகுதுக்கா என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லாருக்கு" என்றாள். பிறகு, "இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் அவன்கிட்டப் பேசாம இருப்ப? ஆம்பளப் பய, பிள்ளகுட்டி இருக்கு. ஏதோ தொழிலுக்காகப் பண்ணிட்டான்" என்றாள்.

"சித்தப்பா நெலத்தம்மா."

"அந்தப் பார்ட்டிக்காரங்க வந்தப்பவே அவன்கிட்ட நான் கேட்டேன். சித்தப்பன் மனசு நோகாதாடான்னு. பாத்துக்குறேன்னான்."

"வந்தப்பவேன்னா? ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா எழுந்து, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். "சொன்னா நீ ஓட்ட மாட்டன்னு சொன்னான். அதான் சொல்லல."

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுத்து அனுப்பியவள். என் சுடிதாரை அவள் மடித்து வைத்தாள், அதை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். அன்றிலிருந்து அம்மாவிடம் நான் பேசுவது சமையல், மருந்து, கரண்ட் பில் பற்றி மட்டும்தான். அவளுக்கும் அது தெரியும்.

தை பிறந்த பிறகு சித்தி போன் செய்தாள். சித்தப்பாவுக்குத் தெரியாமல் செய்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. பருத்தி எடுத்து அடுக்கிக் கிடக்கிறது, கல்லை ஊன்றிவிட்டதால் வண்டி வர வழியில்லை, தலைச்சுமையாகக் கொண்டுபோகிறோம் என்றாள். வண்டிப்பாதை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று மனைக்காரர்கள் சாதிக்கிறார்களாம். "மேலருந்து பாத்தா அந்தத் தடம் தெரியுமாத்தா?" என்று கேட்டாள்.

போனேன். சித்தப்பா களத்தில் இருந்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஹெலிகாப்டரைத் தயார் செய்தேன். அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, கண்ணாடியிலிருந்து பட்டையைக் கழற்றிச் சித்தியின் கண்ணுக்கு முன்னால் துண்டால் கட்டிவிட்டேன். "நீங்க பாருங்க சித்தி. எங்க போகணும்னு சொல்லுங்க. நான் ஓட்டுறேன்."

ஹெலிகாப்டர் ஏறியது. சித்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாடி. நம்ம கெணறா இது? இம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு பயம் தெளிந்து, "அங்கிட்டுப் போ. கல்லு நட்ருக்கான் பாரு, அந்தப் பக்கம். இந்தா, தடம் தெரியுது! கோடு மாதிரி தெரியுது! ஏங்க, வந்து பாருங்களேன்" என்று கத்தினாள். கரிசலில் தலைமுறையாக மாட்டுவண்டி போன தடம் மண் இறுகி வெளுத்துக் கிடந்தது, ஊரிலிருந்து களம் வரைக்கும், கல்வரிசைக்கு அடியிலும். சித்தப்பா வந்து பார்க்கவில்லை. நான் படம் எடுத்தேன்.

ஹெலிகாப்டரை இறக்கிய பிறகு அவர் கிட்டே வந்தார். "நீ பாக்கலன்னு சொன்னத நம்புறேன்" என்றார். "ஆனா பாக்காம ஏன்த்தா ஓட்டுன?" என்று கேட்டார்.

தம்பியை நம்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் அவனைத் தூக்கி வளர்த்தவர்தான்.

அந்தப் படங்களோடு அவர் தாலுகா ஆபீசுக்குப் பலமுறை நடந்தார். கடைசியில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கல்லைப் பிடுங்கினார்கள். அகலமாக இருந்த பாதையில் பாதிகூட இல்லை. ஃபிளக்ஸ் போர்டும் போய்விட்டது. எங்களால் அல்ல, மனைகள் விற்றுத் தீர்ந்துவிட்டதால். மனை வாங்கியவர்களில் சிலர் இப்போதும் சித்தப்பாவிடம் வந்து, பூங்கா எப்போது வரும் என்று கேட்கிறார்களாம்.

அதற்குப் பிறகு ட்ரோன் வந்தது. தம்பி ஒன்று வாங்கினான், அப்புறம் இன்னொன்று. அவனுக்கு இப்போது பைலட் வேண்டியதில்லை, தலையும் சுற்றுவதில்லை. போனைப் பார்த்தபடியே ஓட்டுகிறான், நன்றாகவே எடுக்கிறான். என் ஹெலிகாப்டர் என்னிடம் இருக்கிறது. எனக்காக மட்டும் எப்போதாவது பறக்கிறேன்.

போன ஆவணியில் அவன் கடைக்குட்டி மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க அவனே வந்தான். அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றான். தலையில் நரை.

"அக்கா, நீயும் ஹெலிகாப்டர எடுத்துட்டு வா. பாப்பாவுக்கு ரொம்ப ஆசை. அந்தக் காலம் மாதிரி சேந்து எடுப்போம்" என்றான்.

"அத்தையா வாரேன்" என்றேன். "அதுக்கு மேல கேக்காத."

ஏதோ சொல்ல வந்தான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். "சரிக்கா" என்று போய்விட்டான்.

சொன்னபடி போனேன். குழந்தைக்கு ஜிமிக்கி வாங்கிப் போயிருந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் வீறிட்டு அழ, நான் பக்கத்தில் நின்று வாயில் சர்க்கரை வைத்தேன். தலைக்கு மேல் தம்பியின் ட்ரோன் வண்டு மாதிரி இரைந்தது. "எல்லாரும் மேல பாருங்க, கை காட்டுங்க" என்று அவன் மைக்கில் சொன்னான். பந்தல் முழுக்க அண்ணாந்து கை காட்டியது. சித்தியும் காட்டினாள். குழந்தையின் காதில் ரத்தம் துளிர்த்திருந்தது, நான் குனிந்து அதை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.